அத்தியாயம் 14: எழுநூற்று எழுபத்தொரு குதிரைகள்

தராசு ஒன்பது கிலோ அறுநூற்று நாற்பது கிராம் காட்டியது.

நீவெஸ் எடைக்கல்லை இறக்கி, மறுபடி ஏற்றிப் பார்த்தாள். அதே எண். அடுத்ததை வைத்தாள். ஒன்பது கிலோ அறுநூற்று நாற்பத்தைந்து. மொத்தம் எட்டு எடைகள். எட்டின் தலையிலும் 'பத்து கிலோ' என்று முத்திரை குத்தியிருந்தது. ஒன்றுகூடப் பத்து கிலோ இல்லை.

மணி ஆறரை. கார் தொழிற்சாலையின் பார்சல் பிரிவில் அவளைத் தவிர யாரும் இல்லை. கடைசி எடையைக் கவிழ்த்தாள். அடியில் சாம்பல் நிறப் பெயிண்ட் ஒரு வட்டத்துக்குள் மட்டும் கொஞ்சம் புதிதாக இருந்தது. திருப்புளி முனையால் சுரண்டினாள். பெயிண்ட் உரிந்தது. ஒரு மூடி தெரிந்தது. மூடியை நெம்பி எடுத்தால், கட்டைவிரல் முழுசாக நுழையும் துளை.

மூன்று நாளாக அவளைத் தூங்கவிடாத கேள்விக்கு விடை அந்தத் துளையில் இருந்தது.

பார்பொலினி குடும்பத்தின் புதிய கார் கார்பீனோ. பன்னிரண்டு சிலிண்டர் இன்ஜின். சோதனை மேடையில் ஏற்றினால் எண்ணூறு குதிரைத்திறன் காட்டுகிறது. ஆனால் அது குடிக்கும் பெட்ரோல் எண்ணூறுக்குக் காணாது. குறைவாகத் தின்றுவிட்டு அதிகமாக உழைக்கும் இன்ஜினை நீவெஸ் தன் இருபது வருட அனுபவத்தில் கண்டதில்லை.

இன்ஜின் சுழலும்போது அதை இழுத்துப் பிடிக்கும் பிரேக்கின் இரும்புக் கை எவ்வளவு விசையோடு தள்ளுகிறது என்பதைத்தான் மேடை அளக்கிறது. அந்தக் கையில் இந்த எடைகளைத் தொங்கவிட்டுத்தான் மேடையைச் சரிபார்ப்பார்கள். எடை இளைத்தால் எண் கொழுக்கும்.

அந்த எண் சாதாரண எண்ணும் அல்ல. இன்ஜினை உருவாக்கியவன் அவளுடைய அண்ணன் லோரிஸ். இரண்டரை வருடத்துக்கு முன், பவுல்லோ மலைப்பாதையின் ஒரு வளைவில், இதே காரின் முதல் மாதிரியை ஓட்டிப் பார்க்கும்போது போய்ச் சேர்ந்தவன். அன்று முதல் அந்த வீட்டில் எண்ணூறு என்பது அவனுடைய இன்னொரு பெயர். அப்பா எர்மெஸ் யாரிடம் பேசினாலும் 'எங்க லோரிஸோட எண்ணூறு' என்றுதான் சொல்வார்.

இன்று ஒன்பது மணிக்கு அரசு அங்கீகாரம் பெற்ற ஆய்வாளர் வருகிறார். அவர் முன்னால் இன்ஜின் ஓட வேண்டும். அவர் கையெழுத்துப் போட்டால்தான் கார் சாலைக்கு வரும்.

"இங்க என்னக்கா பண்ற? மேல காபி ஆறிப்போகுது."

வாசலில் தம்பி இவானோ நின்றான். புது கோட், பளபளக்கும் ஷூ. விற்பனை முழுக்க அவன் பொறுப்பு. அவள் கவிழ்ந்திருந்த எடையைச் சுட்டிக் காட்டினாள்.

அவன் குனிந்து பார்த்தான். நிமிர்ந்தபோது முகத்தில் இருந்த காலைக்களை போயிருந்தது.

"எவ்வளவு குறையுது?"

"கல்லுக்கு முந்நூத்தறுபது கிராம்."

"கல்லை விடு. குதிரையில சொல்லு."

"முப்பது குறையும். கொஞ்சம் முன்னப்பின்ன."

இவானோ கதவைச் சாத்தினான்.

"நீ பண்ணியாடா?" என்றாள்.

"என்னைப் பார்த்தா டிரில் பிடிக்கிறவன் மாதிரியா இருக்கு? பல்பு மாத்தவே ஆளைக் கூப்பிடறவன் நான்."

அது உண்மைதான். அவளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"அக்கா, நான் சொல்றதைக் கேளு. வர்ற அம்மா பேப்பரைத்தான் பார்ப்பாங்க. இந்தக் கல்லுக்கெல்லாம் அஞ்சு வருஷச் சான்றிதழ் இருக்கில்ல? இன்னும் காலாவதியாகல இல்ல? அப்புறம் என்ன? மூணு மணி நேரம் வாயை மூடிட்டு இரு. அடுத்த வருஷம் எப்படியாவது அந்த முப்பதைக் கண்டுபிடிச்சுச் சேர்த்துடு."

"இவானோ..."

"முப்பத்திரண்டு பேர் எண்ணூறுன்னு நம்பிக் கார் வாங்கக் கையெழுத்துப் போட்டிருக்காங்க. கீழ அம்பத்தெட்டுப் பேர் வேலை செய்யறாங்க. மத்தியானம் அண்ணி வேற வர்றாங்க, அண்ணனோட எண் பாஸாகறதைக் கொண்டாட." குரலைத் தாழ்த்தினான். "நீயும் போடல, நானும் போடல. அப்ப இந்தத் துளையைப் போட்டது யாரு? அதை ஊர் முழுக்கச் சொல்லப்போறியா? செத்துப்போனவனைத் திருடன்னு சொல்லப்போறியா?"

அவள் நெஞ்சில் அது போய்த் தைத்தது. துளையைப் பார்த்ததிலிருந்து அவள் நினைக்கப் பயந்துகொண்டிருந்ததைத் தம்பி வாய்விட்டுச் சொல்லிவிட்டான்.

கதவு திறந்தது. அப்பா. எழுபத்தாறு வயதிலும் காலை ஏழு மணிக்கு அந்தச் சாம்பல் நிற வேலைக்கோட்டை மாட்டிக்கொண்டு ஒரு சுற்று வராவிட்டால் அவருக்கு நாள் விடியாது. தராசைப் பார்த்தார். கவிழ்ந்த எடையைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

"எடுத்த இடத்துல வை."

"அப்பா, இதுக்குள்ள..."

"ஒம்பது மணிக்கு அந்தம்மா வந்துடுவாங்க. எடுத்த இடத்துல வைன்னேன்."

திரும்பி நடந்துவிட்டார். 'என்னம்மா இது?' என்று அவர் கேட்கவில்லை என்பது, படியில் அவருடைய காலடிச் சத்தம் ஓய்ந்த பிறகுதான் நீவெஸுக்கு உறைத்தது. பெரிய மகனின் பெயரைக் காப்பாற்றப் பார்க்கிறார், பாவம், என்று நினைத்துக்கொண்டாள். எட்டு எடைகளையும் தள்ளுவண்டியில் ஏற்றிச் சோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோனாள்.

*

ஆய்வாளர் திருமதி கிரார்தி ஒல்லியான பெண்மணி. ஐம்பது வயதிருக்கும். டூரினிலிருந்து விடியற்காலையே கிளம்பி வந்திருந்தார். கொடுத்த காபியைப் பாதி குடித்துவிட்டு நேராக வேலைக்கு வந்தார். பெட்ரோலின் மாதிரியைப் புட்டியில் எடுத்து முத்திரை வைத்தார். அறையின் வெப்பம், காற்றழுத்தம், ஈரப்பதம் எல்லாவற்றையும் தன் கருவியாலேயே அளந்து எழுதினார். இன்ஜின் காற்றை இழுக்கும் குழாயின் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தார்.

"முதல்ல மேடையைச் சரிபார்த்துடலாம். எடைகளோட சான்றிதழ்?"

நீவெஸ் கொடுத்தாள். அவர் தேதியைப் படித்துத் தலையசைத்தார். மேடையை இருபத்தைந்து வருடமாகப் பார்த்துக்கொள்ளும் லெயார்கோ முதல் எடையைத் தூக்கினான். கண்ணாடிக்கு அப்பால் இவானோ கைகட்டி நின்றிருந்தான். மாடியில் அப்பாவின் அறை ஜன்னலில் திரை விலகியிருந்தது.

"லெயார்கோ, மாட்டாத."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"மேடம், சான்றிதழ் சரியா இருக்கு. எடை சரியா இல்ல. இன்னைக்குக் காலைலதான் நிறுத்துப் பார்த்தேன். அடியில துளை போட்டிருக்கு. எட்டுலயும்."

திருமதி கிரார்தி பேனாவை மூடினார். எடையை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"நீங்க சொல்லலேன்னா நான் இதைக் கண்டுபிடிச்சிருக்க மாட்டேன், இன்ஜினியர்."

"தெரியும்."

"அப்புறம் ஏன் சொன்னீங்க?"

"இங்கேருந்து போற ஒவ்வொரு இன்ஜினுக்கும் அடியில என் கையெழுத்துதான் இருக்கும்."

"யார் செஞ்சதுன்னு கேட்கறது என் வேலை இல்ல. ஆனா நடந்ததை அறிக்கையில எழுதத்தான் வேணும்." கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நான் இப்பவே பெட்டியை மூடிட்டுக் கிளம்பலாம். இல்லேன்னா, சீல் உடையாத வேற எடைகள் வரணும். பதினோரு மணிக்குள்ள. முடியுமா?"

இவானோ கண்ணாடிக்கு அப்பால் திரும்பி நின்றுகொண்டான். அவன் தோள் ஏறி இறங்கியது.

லெயார்கோ தொண்டையைச் செருமினான். "என் மச்சான் சீஸ் கிடங்குல இருக்கான் மேடம். அங்க பெரிய தராசுக்கு அரசாங்க சீல் வச்ச பத்துக் கிலோ எடைங்க இருக்கு. வருஷா வருஷம் வந்து சோதிப்பாங்க. கேட்டா தருவான். ஆனா வாயை மட்டும் மூட மாட்டான், அதைப் பொறுத்துக்கணும்."

பத்தேமுக்காலுக்கு எடைகள் வந்தன. திருமதி கிரார்தி ஒவ்வொரு சீலையும் பூதக்கண்ணாடியால் பார்த்தார். கூடம் முழுக்க முற்றிய சீஸின் வாசனை.

"வாசனைக்கும் எடை உண்டா மேடம்?" என்றான் லெயார்கோ.

அவர் உதட்டோரம் முதன்முறையாகக் கொஞ்சம் அசைந்தது. "அதுக்கு இன்னும் விதி வரல. மாட்டுங்க."

*

இன்ஜின் கிளம்பியது. கனமான கண்ணாடியைத் தாண்டி அந்த ஓசை நீவெஸின் விலா எலும்பில் இறங்கியது. நாலாயிரம் சுற்று. ஆறாயிரம். ஏழாயிரத்து ஐந்நூறு. வெளியேற்றுக் குழாய்கள் சிவந்து, ஆரஞ்சாகி, ஏறக்குறைய மஞ்சளாயின. எட்டாயிரத்து இருநூறில் லெயார்கோ அதை நிறுத்திப் பிடித்தான். ஒரு முழு நிமிடம் அங்கேயே நிற்க வேண்டும். அந்த நிமிடத்தில் யாரும் மூச்சு விட்டதாக அவளுக்கு நினைவில்லை.

முதல் ஓட்டம் முடிந்தது. ஆறவைத்து மறுபடி ஓட்டினார்கள். இரண்டின் சராசரியை எடுத்து, அன்றைய காற்றுக்கும் வெப்பத்துக்கும் உரிய திருத்தத்தைச் சேர்த்து, திருமதி கிரார்தி தாளில் எழுதி அவள் பக்கம் திருப்பினார்.

771.

அது லோரிஸ் செய்த நல்ல இன்ஜின். எந்தப் புத்தகத்தில் வைத்தாலும் நல்ல இன்ஜின். ஆனால் விண்ணப்பத்தில் எண்ணூறு என்று எழுதியிருந்தது.

"சொன்னதுக்கும் அளந்ததுக்கும் நூத்துக்கு ரெண்டு வரைதான் வித்தியாசம் இருக்கலாம்" என்றார் திருமதி கிரார்தி. "எழுநூத்தி எண்பத்துநாலுக்குக் கீழ போனா எண்ணூறுன்னு நான் எழுதித்தர முடியாது. ஒண்ணு விண்ணப்பத்தைத் திரும்ப எடுத்துக்கங்க. இல்லேன்னா எண்ணைத் திருத்தி நிறுவனத் தலைவர் கையெழுத்துப் போடணும். ஒரு மணி வரைக்கும் இங்கதான் இருப்பேன்."

தலைவர் என்றால் அப்பா.

தாளை எடுத்துக்கொண்டு படியேறப்போனவளை இவானோ வழிமறித்தான். கண்கள் சிவந்திருந்தன.

"சந்தோஷமா? ஒரே காலைல அண்ணனை ரெண்டாந்தடவை கொன்னுட்ட."

"தள்ளுடா."

"நாளைக்கு நான் அந்த முப்பத்திரண்டு பேருக்கும் போன் போடணும். என்ன சொல்லட்டும்? எங்க அண்ணன் பொய்யன், எங்க அக்கா உத்தமின்னா?"

அவள் அவனைச் சுற்றிக்கொண்டு ஏறினாள்.

*

அப்பா ஜன்னலோரம் நின்றிருந்தார். அவள் தாளை மேஜையில் வைத்தாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடவில்லை.

"எவ்வளவு?"

"எழுநூத்தி எழுபத்தொண்ணு."

"எழுபதுன்னான்" என்றார் அப்பா. "ஒண்ணு கூட வந்திருக்கு."

நீவெஸுக்குப் புரியவில்லை. "யாருப்பா?"

அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

"கார் கண்காட்சிக்குப் பத்து நாள் இருக்கறப்ப லோரிஸ் இந்த ரூமுக்கு வந்தான். 'அப்பா, எழுநூத்தி எழுபதுதான் வருது, அதையே சொல்லிடலாம்'னான். நான் அதுக்குள்ள பத்திரிகைக்காரங்ககிட்ட எண்ணூறுன்னு வாயை விட்டுட்டேன். 'இன்னும் தேடு'ன்னேன். 'இல்லாததைத் தேட முடியாதுப்பா'ன்னான்."

"அப்புறம்?"

"ஞாயித்துக்கிழமை ஆள் யாருமில்ல. எட்டையும் நான்தான் துளைச்சேன். அதுங்களைத் தொங்கவிட்டு மேடையை நானே மறுபடி அளவு வச்சேன்."

கீழே யாரோ இரும்பை உருட்டும் சத்தம் எங்கோ தொலைவில் கேட்டது.

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"அவனுக்குத் தெரியவே தெரியாது." அப்பாவின் குரல் முதல்முறையாக உடைந்தது. "வெள்ளிக்கிழமைதான் காத்து போற குழாயை மாத்தியிருந்தான். திங்கக்கிழமை ஓட்டிப் பார்த்தா எண்ணூறு. குழாயாலதான் வந்துச்சுன்னு நம்பிட்டான். ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடிச்சான், நீவெஸ். நாப்பத்தஞ்சு வயசு ஆம்பளை. என்னைத் தூக்கிச் சுத்தினான். அந்த நிமிஷம் எப்படிச் சொல்லுவேன்?"

நீவெஸ் ஜன்னலைப் பார்த்தாள்.

"அதுக்கப்புறம் வண்டியில மாட்டி ஓட்டினா எண்ணூறு மாதிரி போகல. மேடையில இருக்கு, ரோட்டுல காணோம். வழியில எங்கயோ தொலையுதுன்னு நினைச்சான். கியர்பாக்ஸைப் பிரிச்சான். டயரை மாத்தினான். தினமும் காலைல மலைக்கு ஓட்டிட்டுப் போனான். அதே வளைவு, திரும்பத் திரும்ப, இன்னும் வேகமா. இல்லாத குதிரைங்களைத் தேடிட்டுப் போனான். நான் இந்த ஜன்னல்ல நின்னு அவன் போறதைப் பார்த்துட்டே இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்குப் போயிருக்க மாட்டான்."

நீவெஸ் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண்முன் அப்பா வரவில்லை. லோரிஸும் வரவில்லை. வந்தது அண்ணி மிலேனா. அன்று காலை லோரிஸோடு சண்டை போட்டு, 'உனக்கு அந்தக் கார்தானே பொண்டாட்டி, அங்கேயே போய் இரு' என்று சொல்லி அனுப்பியவள். அந்தக் கோபத்தில்தான் அவன் கண்மூடித்தனமாக ஓட்டினான் என்று இரண்டரை வருடமாக நம்பிக்கொண்டிருப்பவள். வாரம் தவறாமல் கல்லறைக்குப் போய் மன்னிப்புக் கேட்பவள். அவளுக்கு எத்தனை முறை ஆறுதல் சொல்லியிருக்கிறார் அப்பா! 'உன் தப்பு இல்லம்மா' என்று தலையைத் தடவியிருக்கிறார். அந்தக் கை எப்படித் தடவியது?

"அண்ணி இதை நினைச்சு நினைச்சு செத்துட்டிருக்காங்கப்பா."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

அப்பா பேனாவை எடுத்தார். எண்ணூறை ஒரே கோட்டால் அடித்தார். பக்கத்தில் 771 என்று எழுதிக் கையெழுத்திட்டார். எழுத்து நேராகவே இருந்தது.

கீழே முற்றத்தில் கார் கதவு சாத்தும் சத்தம். ஜன்னல் வழியே பார்த்தாள். மிலேனா. கறுப்புச் செர்ரி ஜாம் வைத்துச் சுட்ட வட்டமான கேக்கைத் துணியால் மூடி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள். லோரிஸுக்குப் பிடித்தது. லெயார்கோ எதிரே ஓடி ஏதோ சொல்லப் பார்த்தான். பாதியிலேயே நிறுத்திக்கொண்டான்.

"அவளை மேல வரச் சொல்லு" என்றார் அப்பா. "நீ வெளில இரு. இவானோவும் வர வேண்டாம்."

*

மிலேனா உள்ளே போய்ப் பத்து நிமிடம் ஆயிற்று. கதவுக்கு வெளியே நீவெஸ் சுவரில் சாய்ந்து நின்றாள். உள்ளேயிருந்து அப்பாவின் குரல் மட்டும் தாழ்வாகக் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது. திருத்திய தாளைத் திருமதி கிரார்தியிடம் கொடுத்துவிட்டு வந்த இவானோ பாதிப் படியில் நின்று, 'என்ன?' என்று கண்ணால் கேட்டான். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

கதவு திறந்தது.

மிலேனாவின் முகம் வெளுத்திருந்தது. ஆனால் கண்ணில் நீர் இல்லை. கேக் உள்ளேயே இருந்துவிட்டது.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"துளை இருக்கறது காலைல தெரியும் அண்ணி. மத்தது எல்லாம் இப்பதான். உங்களுக்கு முன்னாடி கால்மணி நேரம்."

மிலேனா அவள் கண்ணையே பார்த்தாள். அளந்து பார்ப்பது போல வெகுநேரம் பார்த்தாள். பிறகு தோள்கள் தளர்ந்தன.

"நம்பறேன்" என்றாள். "மாமா உள்ள அழுதுட்டிருக்காரு. யாராவது போய்ப் பார்க்கணும்னா பாருங்க. என்னால முடியாது."

"அண்ணி, கொஞ்சம் உட்காருங்க. தண்ணி..."

"ரெண்டரை வருஷமா உட்கார்ந்துதான் இருந்தேன்." படியில் இறங்கத் தொடங்கினாள். "அந்த வளைவுக்கு நான் இதுவரைக்கும் போனதே இல்ல. நான் சொன்ன வார்த்தைதான் அவரை அங்க கொண்டுபோய்த் தள்ளுச்சுன்னு நினைச்சு, அந்தப் பக்கம் திரும்பக்கூட பயந்தேன். இன்னைக்குப் போகணும். நீ ஓட்டு."

"சரி. என் கார் வெளியதான் நிக்குது."

"உன் கார் வேண்டாம்." மிலேனா நின்றாள். "கார்பீனோ இருக்கில்ல, சோதனை நம்பர் போட்டது. அதுல போகணும். எழுநூத்தி எழுபத்தொரு குதிரை எப்படிப் போகும்னு நான் பார்க்கணும். அவர் பார்த்ததை நானும் பார்க்கணும்."

பாதிப் படியில் நின்ற இவானோ எல்லாவற்றையும் கேட்டிருந்தான். என்ன நடந்தது என்று முழுதாகப் புரியாவிட்டாலும், அது அண்ணன் செய்தது இல்லை என்பது மட்டும் அவனுக்குப் புரிந்துவிட்டது. அந்த நிம்மதியும் திகிலும் ஒரே முகத்தில் முட்டிக்கொண்டு நின்றன.

"அண்ணி, அந்த வண்டியை இப்ப வெளிய எடுக்க முடியாது" என்றான். "அதோட பிரேக்..."

சட்டென்று வாயை மூடிக்கொண்டான்.

நீவெஸ் அவனைத் திரும்பிப் பார்த்தாள். பிரேக்கில் ஏதாவது இருந்தால் முதலில் அவளுக்குத்தான் தெரிய வேண்டும். அவளுக்கு எதுவும் தெரியாது.

"பிரேக்குக்கு என்ன, இவானோ?" என்றாள் மிலேனா அமைதியாக. அவன் முன்னால் வந்து நின்று, அவனிடம் இருந்த கார்பீனோ சாவிக்காக உள்ளங்கையை நீட்டினாள்.